இத்தாலி டூரில் சாப்பாடு, சர்வீஸ், பில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறைக்கு ரோம், ஃப்ளாரன்ஸ், வெனிஸ் என்று கிளம்பும் நம் ஆட்கள், ஊர் திரும்பியதும் கொலோசியத்தைப் பற்றிப் பேசுவதைவிடச் சாப்பாட்டைப் பற்றிப் புலம்புவதுதான் அதிகம். நான் இத்தாலியில் குடியிருப்பதால் அந்தப் புலம்பல் முதலில் என் வாட்ஸப்புக்கு வந்துவிடும். சிலர் கிளம்பும் முன் கேட்பார்கள். சிலர் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டல் மேஜையிலிருந்தே கேட்பார்கள். அப்படிக் கேட்கப்பட்டவைதான் இவை. எரிச்சலூட்டும் விஷயங்களில் பெரும்பகுதி அந்த ஊர் வழக்கம். மிச்சம் கொஞ்சம் அப்பட்டமான ஏமாற்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் எங்கே சண்டை போடலாம், எங்கே பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று தெரிந்துவிடும்.

நாங்கள் பிரெட் கேட்கவே இல்லை. பில்லில் தலைக்கு 3 யூரோ எதற்கு?

அதற்குப் பெயர் 'கொப்பெர்த்தோ'. மேஜை விரிப்பு, தட்டு, முள்கரண்டி, பிரெட் கூடை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் தொகை. 1 யூரோவிலிருந்து 3 யூரோ வரை சாதாரணம். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் இடங்களில் கூடுதலாகவும் இருக்கும். மெனுவில் எழுதியிருந்தால் அது சட்டப்படி சரி. ஆனால் எங்கே எழுதியிருப்பார்கள் என்கிறீர்கள்? கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத பொடி எழுத்தில். உட்கார்ந்ததும் முதலில் அந்த அடிவரியைப் படியுங்கள். விலைப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம்.

ரோம் மட்டும் விதிவிலக்கு. ரோம் இருக்கும் லாட்சியோ மாநிலம் 2006இல் சட்டம் போட்டுக் கொப்பெர்த்தோவைத் தடை செய்துவிட்டது. கடைக்காரர்கள் விடுவார்களா? 'பானே', அதாவது பிரெட், என்று பெயரை மாற்றிப் போடுகிறார்கள். பிரெட்டை நிஜமாகவே சாப்பிட்டிருந்தால் அதற்குக் காசு கொடுக்கத்தான் வேண்டும். வேண்டாமென்றால் கூடை வந்தவுடனே 'நோ, கிராட்சியே' என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள். பாதி பிரெட்டைக் கடித்துவிட்டுச் சட்டம் பேசினால் செல்லாது.

'செர்விட்சியோ' என்பது வேறு. அது சர்வீஸ் கட்டணம், பில்லில் 10 முதல் 15 சதவீதம் வரை. இதுவும் மெனுவில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும்.

காபி வெளியே போர்டில் 1.30 யூரோ. எங்களுக்கு மட்டும் 5 யூரோ போட்டார்களே?

உட்கார்ந்துவிட்டீர்கள், அதனால்தான். இத்தாலியில் காபிக் கடைக்கு 'பார்' என்று பெயர். கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேஜையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை, வெளியே சதுக்கத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தால் அதற்கும் மேல். உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் நின்றபடியே ஒரு மடக்கு, இரண்டு மடக்கில் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். கால் வலிக்கிறது, பெரியவர்கள் கூட இருக்கிறார்கள் என்றால் தாராளமாக உட்காருங்கள். அந்தக் காசு நாற்காலி வாடகை.

வெனிஸின் சான் மார்கோ சதுக்கம் தனி ரகம். 1720இல் தொடங்கிய ஃப்ளோரியன் காபி இல்லம் அங்கேதான் இருக்கிறது. வெளியே வாத்தியக் குழு வாசிக்கும்போது மேஜையில் உட்கார்ந்தால் இசைக்கென்று ஆளுக்கு ஒரு தொகை சேர்ப்பார்கள். மெனுவிலேயே அதைச் சொல்லியும் இருப்பார்கள். என்னைக் கேட்டால், வயலினைச் சதுக்கத்தின் நடுவில் நின்று இலவசமாகக் கேட்டுவிட்டு, காபியைப் பின்சந்தில் குடிக்கலாம்.

ரயில் நிலையத்திலும் நெடுஞ்சாலைக் கடைகளிலும் முறை வேறு. முதலில் கல்லாவில் காசு கட்டி ரசீது வாங்க வேண்டும். அதைக் கவுண்டரில் காட்டினால்தான் காபி. இது தெரியாமல் கவுண்டர் முன்னால் நின்றுகொண்டு 'நம்மைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்கிறார்கள்' என்று மனம் நோகும் குடும்பங்களை ஸ்டேஷனில் அடிக்கடி பார்க்கலாம்.

மத்தியானம் 3 மணிக்குப் போனால் சமையலறை மூடிவிட்டது என்கிறார்கள். பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மதியச் சாப்பாடு 12.30 முதல் 2.30 வரை. இரவுச் சாப்பாடு 7.30க்கு மேல். நடுவில் சமையல்காரர் வீட்டுக்குப் போய்விடுவார், கெஞ்சினாலும் அடுப்பு எரியாது. அந்த நேரத்தில் மேஜை போட்டு, நான்கு மொழியில் படம் போட்ட மெனுவோடு வாசலில் ஆள் நிறுத்திக் கூப்பிடும் கடைகள் திறந்திருக்கும். பெரும்பாலும் நம் ஆட்கள் மோசமாகச் சாப்பிட்டு அதிகமாகக் காசு கொடுப்பது அங்கேதான்.

இடைப்பட்ட நேரத்துக்குச் சரியான இடம், சதுரமாக வெட்டி எடை போட்டுப் பீட்சா விற்கும் கடை. 'பீட்சா அல் தால்யோ' என்று போர்டு இருக்கும். எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் கத்தரிக்கோலால் வெட்டித் தராசில் வைப்பார்கள். ஆகஸ்டில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆகஸ்ட் 15 'ஃபெர்ராகோஸ்தோ' பண்டிகை. அதை ஒட்டி நல்ல குடும்ப ஓட்டல்கள் பல வாரக்கணக்கில் மூடிக்கிடக்கும்.

வெயிட்டர் எங்களை மதிக்கவே இல்லை. சாப்பிட்டு அரை மணி நேரமாகியும் பில் வரவில்லை. இது நிறபேதமா?

பில் தாமதத்துக்குக் காரணம் அது இல்லை. அங்கே கேட்காமல் பில்லைக் கொண்டுவந்து வைப்பது 'எழுந்து போ' என்று சொல்வதற்குச் சமம். மேஜை உங்களுடையது, நீங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது மரியாதை. பில் வேண்டுமென்றால் கண்ணைப் பார்த்து 'இல் கொந்தோ, பெர் ஃபவோரே' என்று சொல்ல வேண்டும். அவசரமாக ரயில் பிடிக்க வேண்டுமானால் கடைசி ஐட்டம் வரும்போதே சொல்லிவிடுங்கள்.

சிரிக்காத முகத்துக்கும் காரணம் உண்டு. அவர்கள் மாதச் சம்பளக்காரர்கள், டிப்ஸை நம்பி இல்லை. அதனால் அமெரிக்கா போய்வந்தவர்கள் எதிர்பார்க்கும் 'எப்படி இருக்கிறது, எல்லாம் சரியா' என்ற விசாரிப்பு வராது. உள்ளே நுழையும்போது 'புவோன் ஜோர்னோ', மாலையில் 'புவோனா செரா' சொல்லுங்கள். சொல்லாமல் நேராக மேஜைக்குப் போய் உட்காருவதும், விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதும் அவர்களுக்குப் பிடிக்காது. நமக்கு மட்டும் பிடிக்குமா என்ன?

இதையெல்லாம் சொன்னாலும், நிஜமாகவே நிறம் பார்த்து நடத்தும் ஆட்களும் உண்டு. காலி மேஜைகள் இருக்கும்போதே 'இடமில்லை' என்று சொல்லிவிட்டு, அடுத்து வருபவரை உட்கார வைத்தால் அது வழக்கம் அல்ல. வாதாட வேண்டாம், வேறு கடைக்குப் போங்கள். நடந்ததைப் பொதுவில் எழுதவும் செய்யுங்கள்.

ஒன் பை டூ கேட்டால் முறைக்கிறார்களே?

பீட்சா ஆளுக்கு ஒன்று என்பதுதான் அங்கே கணக்கு, வெட்டாமல் முழுசாகத்தான் வரும். இரண்டு பேர் பகிர்ந்தால் பெரும்பாலான கடைகளில் தகராறு இல்லை, இன்னொரு தட்டு கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் நான்கு பேர் மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாஸ்தா, ஒரு கோக் என்று ஆர்டர் செய்தால் முகம் சுளிப்பார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. 2023இல் கோமோ ஏரிக்கரையில் ஒரு கடை, சாண்ட்விச்சை இரண்டாக வெட்டிக் கொடுத்ததற்கு 2 யூரோ பில் போட்டு உலகச் செய்தியானது. இத்தாலியர்களே அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நான் சுத்த சைவம். பாஸ்தா, பீட்சா ஊர்தானே, கவலையே வேண்டாமா?

கவலை கொஞ்சம் வேண்டும். ஐரோப்பாவிலேயே சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு வசதியான நாடுகளில் இத்தாலி ஒன்று. ஆனால் அசைவம் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ஒளிந்திருக்கும்.

முதலில் சீஸ். பர்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற அசல் பார்மசான் சீஸில் பால் திரிவதற்குக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியைத்தான் சேர்க்க வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. பெக்கொரினோ ரொமானோவில் ஆட்டுக்குட்டியினுடையது. அப்படியானால் துளசி அரைத்த பெஸ்டோவும் அடிபடும், ஏனென்றால் அதில் இந்த மாதிரிச் சீஸ்கள் இருக்கும். இத்தாலியில் 'சைவம்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறவர்கள் பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் வெயிட்டர் 'சைவம்தான்' என்று சத்தியம் செய்தால் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. உங்கள் கோடு எங்கே என்பதை ஊரிலேயே முடிவு செய்துகொண்டு வாருங்கள். அந்த மேஜையில் உட்கார்ந்து குடும்பத்துக்குள் விவாதம் நடத்தினால் பாஸ்தா ஆறிவிடும்.

இரண்டாவது, சூப்பும் ரிசோத்தோவும். காய்கறி சூப்பான மினெஸ்த்ரோனேயில் பன்றிக்கொழுப்புத் துண்டு போடும் சமையலறைகள் உண்டு. ரிசோத்தோ அரிசியை இறைச்சி வேகவைத்த தண்ணீரில் கிண்டுவது சகஜம். 'ப்ரோதோ வெஜெத்தாலே?' என்று கேளுங்கள், காய்கறித் தண்ணீரா என்று பொருள். மூன்றாவது, பன்றிக்கொழுப்பு. ரொமான்யா பகுதியின் பியதீனா ரொட்டி நம் சப்பாத்தி மாதிரி அழகாக இருக்கும், ஆனால் மரபுப்படி மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பார்கள். ஆலிவ் எண்ணெயில் செய்ததும் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். இனிப்புகளில், பன்னா கோத்தாவில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், திராமிசூவில் பச்சை முட்டை.

முட்டை சாப்பிடாதவர்களுக்கு: பாக்கெட்டில் வரும் உலர் பாஸ்தா பொதுவாக ரவையும் தண்ணீரும்தான். கையால் செய்த ஃப்ரெஷ் பாஸ்தாவில் பெரும்பாலும் முட்டை இருக்கும். ஐஸ்க்ரீமில் 'ஃபியோர் தி லாத்தே' பொதுவாக முட்டை சேர்க்காமல் பாலில் செய்தது, 'க்ரேமா'வில் முட்டை மஞ்சள் கரு.

ஒரு உபாயம் சொல்கிறேன். ஐரோப்பியச் சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்ற தகவலைக் கடைகள் தர வேண்டும். பல மெனுக்களில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் பக்கத்தில் சிறு எண்களாக அது இருக்கும். முட்டை, மீன், பால் மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. எண்ணைப் பார்த்தே முட்டையையும் நெத்திலியையும் கண்டுபிடித்துவிடலாம். இறைச்சி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை, அதை வாயால்தான் கேட்க வேண்டும்: 'சென்ஸா கார்னே, சென்ஸா பேஷே, சென்ஸா உவோவா'. இறைச்சி, மீன், முட்டை மூன்றும் இல்லாமல் என்று பொருள்.

சரி, தைரியமாக எதைச் சாப்பிடலாம்?

பீட்சா மரினாரா. பெயரைக் கேட்டு மீன் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதில் தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும்தான், சீஸ்கூடக் கிடையாது. நேப்பிள்ஸ் முறை மாவில் கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் நான்கே. பூண்டும் மிளகாயும் எண்ணெயில் வதக்கிய 'ஆல்யோ ஒலியோ பெப்பெரொன்சீனோ' ஸ்பெகெட்டி மெனுவில் இல்லாவிட்டாலும் கேட்டால் செய்து தருவார்கள். தெற்கே பூலியாவில் உலர்ந்த அவரைப் பருப்பு மசியலும் கசப்புக் கீரையும், ஜெனோவா பக்கம் கடலை மாவில் சுடும் ஃபரினாத்தா, ரோமின் யூதர் பேட்டையில் முழுசாகப் பொரித்த ஆர்டிசோக் என்ற பூமொட்டுக் காய். சீஸ் இல்லாமல் கேட்டு வாங்கினால் இவற்றை வைத்தே ஒரு வாரம் ஓட்டலாம்.

பாஸ்தா வேகவே இல்லை, பிரெட்டில் உப்பில்லை, எதிலும் காரமில்லை. திருப்பி அனுப்பலாமா?

பாஸ்தா நடுவில் சற்று கடிபட வேண்டும், அதுதான் பதம். இன்னும் வேகவைக்கச் சொல்லலாம், சமையல்காரர் மனசுக்குள் அழுவார். ஃப்ளாரன்ஸ் இருக்கும் டஸ்கனியில் பிரெட் உப்பில்லாமல்தான் சுடுவார்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று வளர்ந்த நாக்குக்கு முதல் கடி அதிர்ச்சிதான். அதைத் தனியாகத் தின்னாதீர்கள். அது குழம்பைத் துடைக்க வைத்தது. 'ரிபொல்லீத்தா' என்ற பருப்பு, கீரை, பழைய பிரெட் சேர்ந்த கஞ்சி வாங்கிப் பாருங்கள், உப்பு சரியாகிவிடும்.

காரத்துக்கு 'ஒலியோ பிக்காந்தே' கேளுங்கள், மிளகாய் ஊறிய எண்ணெய். காரம் என்று கேட்டு 'ந்தூயா'வில் போய் விழாதீர்கள். கலாப்ரியா பகுதியின் அந்தச் சிவப்புப் பசை பன்றிக்கறி. 'தியாவொலா' பீட்சாவும் அப்படியே.

குடிக்கத் தண்ணீருக்கும் காசா?

ஓட்டலில் ஆம். பாட்டில்தான் வரும், குழாய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 'நத்துராலே', அதாவது சாதாரணத் தண்ணீர், என்று சொல்லாவிட்டால் சோடா வந்துவிடலாம்.

தெருவில் நிலைமையே வேறு. ரோமில் 1874 முதல் வைத்துவரும் 'நசோனே' என்ற இரும்புக் குழாய்த் தூண்கள் சுமார் 2,500 இருக்கின்றன. மூக்கு மாதிரி வளைந்த குழாயிலிருந்து ஊற்றுத் தண்ணீர் சில்லென்று ஓடிக்கொண்டே இருக்கும். குனிந்து வாய் வைக்க வேண்டாம். குழாயின் முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீறிட்டு நேராக வாய்க்கு வரும். முதல் தடவை சட்டை நனையும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். காலிப் பாட்டில் ஒன்று பையில் இருந்தால் ரோமில் தண்ணீருக்குச் செலவே இல்லை.

அப்படியென்றால் எதுதான் ஏமாற்று?

மெனுவில் இல்லாதது பில்லில் இருந்தால் ஏமாற்று. விலை போடாத மெனு ஏமாற்றின் ஆரம்பம். 'இன்றைக்கு ஸ்பெஷல் மீன் வந்திருக்கிறது' என்று வாயால் சொல்லி, விலை சொல்லாமல் போனால் உஷார். மெனுவில் மீன் விலைக்குப் பக்கத்தில் 'எத்தோ' என்று இருந்தால் அது 100 கிராம் விலை. 7 யூரோதானே என்று சொல்லிவிட்டு, ஒன்றரைக் கிலோ மீன் மேஜைக்கு வந்தால் 105 யூரோ. இது சட்டப்படி சரியான பில் என்பதுதான் வயிற்றெரிச்சல். சமைக்கும் முன் மீனைக் காட்டச் சொல்லி எடை கேளுங்கள். ஃப்ளாரன்ஸின் பெரிய மாட்டிறைச்சித் துண்டும் கிலோ கணக்குதான்.

நிஜமான கொள்ளைக்கும் உதாரணங்கள் உண்டு. 2018 ஜனவரியில் வெனிஸில் நான்கு ஜப்பானிய மாணவர்களுக்கு இறைச்சித் துண்டுகள், ஒரு தட்டு பொரித்த மீன், தண்ணீர் இவற்றுக்கு 1,100 யூரோ பில் வந்தது. 2019இல் ரோமில் இரண்டு ஜப்பானியப் பெண்கள் ஸ்பெகெட்டிக்கும் மீனுக்கும் சேர்த்து 429 யூரோ கட்டினார்கள், அதில் 80 யூரோ டிப்ஸ் என்று கடைக்காரரே போட்டுக்கொண்டது.

யாரிடம் புகார் செய்வது?

முதலில் மேஜையில் உட்கார்ந்தபடியே மெனுவைத் திரும்பக் கேட்டு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். குரலை உயர்த்த வேண்டியதில்லை. மெனுவையும் பில்லையும் போட்டோ எடுத்தாலே பாதிக் கடைகள் இறங்கி வரும். மசியவில்லை என்றால் நகரக் காவல் துறையைக் கூப்பிடுவேன் என்று சொல்லலாம். ரசீது தர மறுத்தால் வரி விவகாரங்களைக் கவனிக்கும் 'குவார்தியா தி ஃபினான்சா'வுக்கு 117இல் அழைக்கலாம். அந்தப் பெயரைச் சொன்னதும் ரசீது அச்சாகும் சத்தம் கேட்கும்.

இது வெற்று மிரட்டல் இல்லை. 2022இல் ஃப்ளாரன்ஸில் ஒரு வாடிக்கையாளர் 2 யூரோ காபிக்காகக் காவலரை அழைத்தார். கடைக்கு 1,000 யூரோ அபராதம். விலை அதிகம் என்பதற்காக இல்லை, விலைப் பட்டியலைக் கண்ணில் படும்படி வைக்கவில்லை என்பதற்காக. வாதாடும்போது 'இவ்வளவு விலையா' என்பதைவிட 'எங்கே எழுதியிருக்கிறது' என்று கேட்பதுதான் பலமான கேள்வி.

கார்டு மெஷின் கெட்டுவிட்டது, கேஷ் கொடு என்பதும் பழைய பாட்டு. கார்டை மறுக்கும் கடைக்கு 2022 ஜூன் 30 முதல் அபராதம் உண்டு.

புளியோதரை கட்டிக்கொண்டு போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடலாமா?

எந்தப் படிக்கட்டு என்பதைப் பொறுத்தது. ரோமின் ஸ்பானிஷ் படிகளில் 2019 முதல் உட்காருவதற்கே அபராதம், 250 யூரோவிலிருந்து. வெனிஸின் சான் மார்கோவில் பொட்டலம் பிரித்தாலும் அபராதம் உண்டு. பூங்கா பெஞ்சுகளில் பிரச்சினை இல்லை.

ஊரிலிருந்து எதை எடுத்துவரலாம்?

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டுப் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவரக் கூடாது. நெய், பால்கோவா, கருவாட்டுக்குப் பக்கத்தில் ஒளித்து வைக்கும் கறி வறுவல், எதற்கும் அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்குத் தாவரச் சான்றிதழ் வேண்டும், அந்தச் சான்றிதழை யாரும் வாங்கப்போவதில்லை. ஆனால் தேங்காயும் வாழைப்பழமும் சான்றிதழ் தேவையில்லாத பட்டியலில் இருக்கின்றன. பொடி, புளிக்காய்ச்சல், வத்தல் கொண்டுவாருங்கள். சமையலறை உள்ள வாடகை வீடு எடுத்தால் மிச்சத்தை சூப்பர் மார்க்கெட்டில் வாங்கலாம். ரிசோத்தோவுக்கு விற்கும் ஆர்போரியோ அரிசி சாம்பார் சாதத்துக்கு ஆகாது, குழைந்துவிடும். அதனாலேயே தயிர் சாதத்துக்குப் பிரமாதம். தயிரில் 'பியான்கோ', அதாவது வெள்ளை, என்று பார்த்தால் போதாது, 'சென்ஸா சூக்கெரி', அதாவது சர்க்கரை இல்லாதது, என்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இனிக்கலாம்.

ஓட்டல் அறையில் ரைஸ் குக்கரை வைக்காதீர்கள். தாளிப்பு வாசனைக்கும் புகைக்கும் அலாரம் அலறினால் மாடி முழுக்க வெளியே வந்து நிற்கும்.

பேக்கேஜ் டூரில் 'இந்திய உணவு' என்றார்கள். தினமும் பனீர், தால், நான். தமிழ்ச் சாப்பாடு எங்குமே கிடையாதா?

டூர் கம்பெனி பேருந்து நிற்க இடமுள்ள, நாற்பது பேரை ஒரே நேரத்தில் உட்கார வைக்கும் கடையோடுதான் ஒப்பந்தம் போடும். மெனு டெல்லிக்கு ஏற்ற மாதிரி இருக்கும். காசு கட்டும் முன்பே எத்தனை இரவுச் சாப்பாடு பேக்கேஜில் இருக்கிறது, கழற்றிவிட முடியுமா என்று கேளுங்கள். ஒன்றிரண்டைக் கழற்றிவிட்டு நல்ல பீட்சாக் கடைக்குப் போவது மேல்.

மளிகைக்கு ரோமில் தெர்மினி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எஸ்க்விலீனோ சந்தை இருக்கிறது. வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் கிடைக்கும். சிசிலி வரை போகிறவர்கள் பலெர்மோவை விடாதீர்கள். போரின்போது வந்து வேரூன்றிய ஈழத் தமிழர்கள் அங்கே கணிசமாக இருக்கிறார்கள். ஊரின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கோயிலுக்கு இந்துக்களான நம்மவர்களும் நடந்து ஏறுவதைப் பார்க்கலாம். பல்லாரோ சந்தையில் தமிழில் விலை கேட்டால் பதில் தமிழில் வந்தாலும் ஆச்சரியமில்லை. அதே சந்தையில் கடலை மாவைக் கிண்டி, ஆறவைத்து, வில்லை போட்டு எண்ணெயில் பொரிக்கும் 'பனெல்லே'யை பன்னுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து தருவார்கள். சுத்த சைவம், சுடச்சுட.

கடைசியாக, டிப்ஸ் எவ்வளவு?

கட்டாயம் இல்லை. சர்வீஸ் கட்டணம் பில்லில் இருந்தால் ஒன்றும் வைக்க வேண்டாம். இல்லாவிட்டால், கவனிப்பு பிடித்திருந்தால், மேஜையில் ஒன்றிரண்டு யூரோ சில்லறை வைத்துவிட்டு வாருங்கள். கார்டு மெஷினில் 15, 20 சதவீதம் என்று பட்டன் காட்டினால் அது வெளியூர்க்காரர்களுக்காகச் சமீபத்தில் வைத்தது. தயங்காமல் பூஜ்ஜியத்தை அழுத்துங்கள்.